உண்மையாத்தான் நோகுது என்றேன், மண்டபம் கைதட்டியது

போன வருடம் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, மன்னார்ப் பக்கத்து நானாட்டானில் ஒரு மண்டபத்தில் நடந்த சம்பவம் இது. சுற்றுவட்டார மாதர் சங்கங்கள் சேர்ந்து ஒன்றுகூடல் வைத்திருந்தார்கள். காலையில் பேச்சு, மத்தியானம் சோற்றுப் பார்சல், கடைசியில் அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு. சோற்றுக்கும் சீட்டிழுப்புக்கும் இடையில் சனம் எழும்பி வீட்டுக்குப் போய்விடாமல் பிடித்து வைக்க ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள் நான்.

மேடையில் தனியாக நின்று பகிடி சொல்வதுதான் என் தொழில். பேசாலை என்ற கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் இதைத் தொழில் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பதை என் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். ஸ்டாண்டப் கொமெடி என்றால் என்னவென்று முதன்முதலில் அவருக்கு விளங்கப்படுத்தியபோது, "நிண்டுகொண்டு பகிடி விடுறதோ? ஏன், இருந்துகொண்டு விட்டா ஆக்கள் சிரிக்க மாட்டினமோ?" என்று கேட்டார்.

தொடங்கியது கோயில் திருநாளில்தான். அறிவிப்புச் செய்ய ஆள் வராததால் மைக்கை என் கையில் தந்தார்கள். தொலைந்த செருப்புகளைப் பற்றி நான் அறிவித்த விதத்துக்குச் சனம் சிரித்தது. பிறகு கலியாண வீடுகள். ஊரடங்கு நாட்களில் அடுப்படியில் போனை நிறுத்தி வைத்து எடுத்த வீடியோக்கள். அதைப் பார்த்து வவுனியாவுக்குக் கூப்பிட்டார்கள், யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு தரம் கொழும்புக்கும் போனேன். கொழும்பில் என் பகிடிக்குச் சிரித்ததைவிட, நான் "வாறன், போறன்" என்று கதைத்ததற்குத்தான் கூடச் சிரித்தார்கள். சிரிப்பு சிரிப்புத்தானே என்று எடுத்துக்கொண்டேன்.

என் பகிடிகளில் முக்கால்வாசி என் கணவரைப் பற்றியது. அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். எஞ்சினோடு கதைத்துக் கதைத்தே களைத்துப்போவதாலோ என்னவோ, வீட்டில் அவருக்கு மூன்று சொல்தான்: ஓம், இல்லை, சாப்பாடு. மேடையில் நான் இதைச் சொல்லும்போது அவர் மண்டபத்தின் பின்பக்கம் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் இருமினார்கள் என்று நான் பிறகு போட்டுப் பார்ப்பேன். ஊரில் எல்லாருக்கும் அவரைக் கண்டால் இரக்கம். என்னைக் கண்டால்தான் இல்லை.

நானாட்டானுக்குப் போனபோது நான் நிறை கர்ப்பிணி. டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. பயணம் போகலாமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். மன்னாரிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுபோகிறவரின் வானில்தான் நானும் கணவரும் போனோம். காலையிலிருந்தே இடுப்பு உளைந்தது. வானின் சீட்டில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டேன்.

வயிறு வளர வளர என் நிகழ்ச்சியிலும் ஒரு பகுதி வளர்ந்திருந்தது. மனுசிக்கு நோவு தொடங்கி அவள் வாசலில் நின்று கத்துகிறாள். மனுசன் உள்ளே நின்று சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டிருக்கிறார். இதுதான் அந்தப் பகுதி. இதை நடித்துக் காட்ட இரண்டு கையும் வேண்டும் என்பதால், அன்று சட்டைக் கொலரில் குத்துகிற சின்ன மைக்கைத்தான் போட்டிருந்தேன்.

நிகழ்ச்சி நன்றாகப் போனது. மண்டபம் நிறையப் பெண்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளையெல்லாம் கூட்டிச் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூடமே திறக்கலாம். எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர.

அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். முசலிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் பெண். மடியில் பெரிய கைப்பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகிடி சொல்கிறவர்களுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. நூறு பேர் சிரித்தாலும், சிரிக்காத அந்த ஒரு முகத்தைத்தான் கண் தேடும். என்னால் சும்மா விட முடியவில்லை.

"மூண்டாவது வரிசையில இருக்கிற ராத்தா, சிரிச்சா சீட்டிழுப்பில பேர் வெட்டமாட்டினம், பயப்பிடாதேங்கோ!" என்றேன்.

ராத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அக்கா. மண்டபம் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது. அவரோ கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார்.

அந்தக் கோபத்தில் என்னுடைய பிரசவப் பகுதியை வழக்கத்தைவிடப் பலமாக நடித்தேன். இடுப்பில் கையை வைத்தேன், மாதாவைக் கூப்பிட்டேன், அயன் பண்ணுகிற மனுசனைத் திட்டினேன். மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா, "இன்னொருக்காச் செய்யுங்கோ!" என்று கத்தினார். நான் குனிந்து வணக்கம் சொன்னேன்.

குனிந்தவளால் நிமிர முடியவில்லை.

யாரோ ஈரத் துணியைப் பிழிவது போல இடுப்பிலிருந்து அடிவயிறு வரைக்கும் ஒரு முறுக்கு. "அய்யோ" என்றேன். சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். இன்னும் சிரித்தார்கள். முறுக்கு விட்டு, ஒரு மூச்சு எடுப்பதற்குள் திரும்ப வந்தது.

"இது பகிடியில்லை!" என்றேன்.

கைதட்டினார்கள்.

"உண்மையாத்தான் நோகுது!"

பின்பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த நோவுக்குள்ளும் என் மூளையின் ஒரு மூலை, "இது பகிடியில்லை என்ற வசனத்துக்கு நல்லாச் சிரிக்கினம், அடுத்த நிகழ்ச்சியிலும் வைக்கலாம்" என்று கணக்குப் போட்டது. தொழில் புத்தி என்பது அப்படிப்பட்ட சனியன்.

பிறகு காலில் சூடாகத் தண்ணீர் இறங்கியது. அதோடு அந்த மூலையும் வாயை மூடியது.

பின்பக்கம் நின்ற என் கணவரைப் பார்த்து, "இஞ்ச வாங்கோ! கெதியா வாங்கோ!" என்று கையை ஆட்டினேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகப் போனை உயர்த்திப் பிடித்தபடி, மற்றக் கையால் பெருவிரலைக் காட்டினார். மனுசி தனக்குச் சொல்லாமல் புதுப் பகுதி ஒன்று சேர்த்துவிட்டாள் என்று அவருக்குப் பெருமை.

அப்போதுதான் மூன்றாவது வரிசை ராத்தா எழும்பினார். கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு நேராக மேடைக்கு ஏறி வந்தார். "பார், ஆளைச் செட் பண்ணி வைச்சிருக்கிறாள்!" என்று யாரோ சொல்ல, மண்டபம் மறுபடி கைதட்டியது. அவர் சனத்தைப் பார்த்துத் திரும்பி, கையை உயர்த்தி, "சிரிக்காதீங்க!" என்றார்.

நான் ஐந்து வருடமாக மேடை ஏறுகிறேன். ஒரு சொல்லுக்கு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கதிரையிலிருந்து சரிந்தே போனார்கள்.

அவர்களைத் திருத்த முடியாது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சனத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். என் வயிற்றில் ஒரு கையை வைத்து, காதருகே குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"புள்ள, பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டா?"

"ஓம் ராத்தா," என்றேன். "எனக்குப் பயமாயிருக்கு."

இரகசியம் போலத்தான் சொன்னேன். ஆனால் கொலரில் மைக் இருந்தது. அவருடைய கேள்வியும் என்னுடைய பதிலும் நாலு பெரிய ஒலிபெருக்கிகளில் மண்டபம் முழுக்கக் கேட்டன. நான் தொண்டை கிழியக் கத்தியபோது நம்பாத சனம், அந்தச் சின்னக் குரலை நம்பியது. சிரிப்பு, பைப்பைப் பூட்டியது போல நின்றது.

பிறகு ஒரு பிளாஸ்டிக் கதிரை விழுந்தது. அதற்குப் பிறகு மண்டபமே எழும்பியது. எல்லாரும் ஒரே நேரத்தில் மருத்துவிச்சிகள் ஆனார்கள். "படுக்க வையுங்கோ" என்றார் ஒருவர், "நடக்க விடுங்கோ" என்றார் இன்னொருவர். "சுடுதண்ணி, சுடுதண்ணி" என்று ஒரு குரல். எதற்கு என்று கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது. அம்புலன்சுக்குச் சொன்னார்கள், அது வேறொரு நோயாளியோடு தூரத்தில் நின்றது. என் கணவர் வரிசைக்கு நடுவால் ஓடி வந்து மேடையில் தாவி ஏறி, "உண்மையாவோ?" என்று கேட்டார். அந்த நேரத்தில் நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அதுவும் ஒலிபெருக்கியில் போனது.

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போக ஒலிபெருக்கிக்காரரின் வானே கதி என்றானது. வானுக்குள் கிடந்த பெட்டிகளைத் தூக்கி வெளியே எறியாத குறையாக இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். ராத்தா யாரிடமும் கேட்காமல் எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். தன் சீட்டிழுப்புத் துண்டை மட்டும் ஜன்னலால் யாரிடமோ கொடுத்து, "என்ட நம்பர் விழுந்தா எடுத்து வைங்க" என்றார்.

அவசரத்தில் ஒருவரும் மைக்கைக் கழற்றவில்லை, மண்டபத்து மெஷினையும் நிறுத்தவில்லை. வான் ஒழுங்கையைத் தாண்டும்வரை நான் என் கணவரை ஏசிய ஏச்செல்லாம் மண்டபத்தில் ஒலித்ததாம். யாரும் சிரிக்கவில்லையாம். அன்று நான் சொன்னதிலேயே நல்ல பகிடிகள் அதற்குள்தான் இருந்தன என்று பிறகு ஒருவர் சொன்னார்.

வானுக்குள் நான் பல்லைக் கடித்து மூச்சை அடக்கினேன். ராத்தா விடவில்லை.

"மூச்ச அடக்காதீங்க புள்ள. கதைங்க. ஏதாச்சும் கதைங்க."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"முன்னுக்கு இரிக்கிற மனுசன ஏசுங்க. நல்லா ஏசுங்க. மூச்சு தன்னால போகும்."

இதைவிட இலேசான வைத்தியம் உண்டா? கலியாண நாளிலிருந்து தொடங்கினேன். சேர்ட்டுக்குப் பட்டன் தைக்கச் சொன்னது, என் பிறந்தநாளை மறந்தது, சாப்பாட்டு மேசையில் எஞ்சின் பாகத்தை வைத்துக் கழுவியது, ஒன்றும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் முன்சீட்டிலிருந்து "ஓம்", "ஓம்" என்று ஒத்துக்கொண்டார். வான் ஓட்டியவருக்கு வீட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டாராம்.

நறுவிலிக்குளம் தாண்டும்போது ரோட்டின் அரைவாசியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு உழவு இயந்திரம் வந்தது. வான்காரர் பிரேக்கை மிதித்தார்.

"நெல்லுக்கு மேலால ஏத்துறது பாவமெல்லோ," என்றார்.

"நெல்ல திரும்ப அள்ளிக் காயப்போடலாம். இந்தப் புள்ள ரோட்டில பிறந்தா என்ன செய்வீங்க? ஏத்துங்க!" என்றார் ராத்தா.

நெல் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நெல்லுக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தவர், வானுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தானே மண்வெட்டியால் மிச்ச நெல்லை ஒதுக்கி வழி விட்டார்.

தள்ளாடிச் சந்தியைக் கடந்து, மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தின் காற்று முகத்தில் அடித்தபோது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். பாலம் முடிந்து டவுனுக்குள் நுழைந்தால், ரோட்டுக்கு நடுவில் கழுதைகள். மன்னார்க் கழுதைகளுக்கு ஹோர்ன் சத்தம் தாலாட்டு மாதிரி. வான்காரர் அடிக்க அடிக்க அவை கண்ணை மூடிக்கொண்டு நின்றன.

என் கணவர் கதவைத் திறந்து குதித்தார். கையில் தடி எடுப்பார், கல் எடுப்பார் என்று பார்த்தேன். முன்னால் நின்ற பெரிய கழுதைக்கு எதிரே போய், இரண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணே, கொஞ்சம் விலகுங்கோ அண்ணே. மனுசிக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. தயவுசெய்து விலகுங்கோ."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் கழுதைக்கு, இவ்வளவு மரியாதையாக! எனக்குப் பக்கத்தில் ஏதோ குலுங்கியது. திரும்பிப் பார்த்தால், ராத்தா. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் ஆட, கண்ணீர் வழிய, மூச்சு எடுக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம் மேடையில் நின்று என்னால் எடுக்க முடியாத சிரிப்பை, என் மனுசன் ஒரு கழுதையை வைத்து எடுத்துவிட்டார். அந்த நோவிலும் எனக்குப் பொறாமை வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க வயிறு இறங்கியது.

"சிரிக்காதீங்க புள்ள, இங்கயே வந்திரும்!" என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார்.

கழுதை விலகியது. மரியாதைக்கு விலகியதா, வேறு யோசனையில் விலகியதா தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, உள்ளே கொண்டுபோய், கட்டிலில் ஏற்றியதுதான் நினைவிருக்கிறது. கொஞ்ச நேரத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். வழியில் எங்காவது பிறந்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று அங்கிருந்த நேர்ஸ் மிஸ் பிறகு சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. மேடையில் இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கைதட்டலுக்குள் நின்றிருந்தால் என்ற எண்ணம் இன்றும் சில வேளை வரும்.

ராத்தா பிள்ளையைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று போய்விட்டார். சீட்டிழுப்பில் அவருக்கு ஒன்றும் விழவில்லை என்பதைப் பிறகு அறிந்தேன்.

மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ அந்தக் கிழமையே எங்கும் பரவியது. மண்டபம் அமைதியாகும் இடத்துக்குச் சற்று முன்னாலே அதை வெட்டியிருந்தார்கள். "என்ன நடிப்பு!" என்று எழுதியவர்களுக்குக் கணக்கில்லை. "கொஞ்சம் மிகைநடிப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழைப்புகள் குவிந்தன. கொழும்பிலிருந்து ஒரு ஏற்பாட்டாளர் கதைத்தார்.

"அந்தப் பிரசவ ஐட்டத்தை இங்கயும் கட்டாயம் செய்ய வேணும்," என்றார்.

"அதுக்கு இன்னொரு பிள்ளை வேணுமே," என்றேன்.

பக்கத்தில் எஞ்சின் துடைத்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து, "இல்லை" என்றார்.

பிள்ளைக்குப் பெயர் வைத்து முடிந்த பிறகு ஒரு நாள் ராத்தா பேசாலைக்கு எங்களைத் தேடி வந்தார். ஒரு பெரிய ஏனத்தில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலப்பம். மகளை மடியில் போட்டுக்கொண்டு, கதிரையில் வசதியாகச் சாய்ந்து இருந்தார். பல நாளாக மனதில் கிடந்ததை அப்போது கேட்டேன்.

"ராத்தா, மண்டபத்தில எல்லாரும் சிரிக்க நீங்கள் மட்டும் சிரிக்காமல் என்னையே பாத்துக்கொண்டிருந்தனீங்கள். எனக்கு நோ வரப்போகுது எண்டு முன்னமே தெரிஞ்சிட்டுதோ?"

உருக்கமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"உண்மையச் சொல்லட்டா? உங்கட பகிடி எனக்கு அவ்வளவு பிடிக்கல்ல. அதுதான் முதல்ல சிரிக்கல்ல."

என் கணவர் அவசரமாக வெளியே போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது.

"பிறகு?" என்றேன்.

"பிறகு நீங்க நடிச்சீங்க. ரெண்டு கையும் அங்கயும் இங்கயும் பறந்திச்சு. அது முடிஞ்சி குனிஞ்ச நேரம் ஒரு கை கதிரையப் பிடிச்சிச்சு. பிடிச்ச கை விடவே இல்ல. அப்பதான் எழும்பினேன். சிரிச்சிக்கிட்டு இருந்திருந்தா நானும் கண்டிருக்க மாட்டேன் புள்ள."

இப்போதும் நான் மேடை ஏறுகிறேன். மகளை அம்மா பார்த்துக்கொள்கிறார். பகிடி இன்னும் கணவரைப் பற்றித்தான். ஆனால் மேடைக்குக் கீழே என்னில் ஒன்று மாறிவிட்டது. எங்கள் ஊரில் கஷ்டத்தை யாரும் கஷ்டமாகச் சொல்வதில்லை, பகிடியாகத்தான் சொல்வார்கள். அண்மையில் கடற்கரை மீன்வாடிப் பக்கத்தில் ஒரு அண்ணன், "கடல் என்னை விவாகரத்துச் செய்துபோட்டுது" என்றார். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள், நல்ல வசனம் என்று நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். பிறகு, "ஏன் அண்ணே, என்ன நடந்தது?" என்று கேட்டேன். கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, கண் மங்கிக்கொண்டு வருகிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றார். அடுத்த கிளினிக் நாளில் என் கணவர்தான் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒருவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நாம் சிரிப்பதற்காகச் சொல்வதல்ல என்பது, பகிடியையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு, கைதட்டலுக்கு நடுவில் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாளில்தான் விளங்கியது.